சட்டம் மூன்று முறை வந்துவிட்டது! நாம் எப்போது வரப்போகிறோம்?



சென்ற முறை நீங்கள் கலந்துகொண்ட திருமண விருந்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அதன்பின் ஒரு காகிதக் கோப்பை, ஒரு ஐஸ்கிரீம் கிண்ணம், ஒரு பிளாஸ்டிக் கரண்டி. ஆயிரம் பேர் உண்ட விருந்து என்றால், அன்று மாலை மண்டபத்தின் பின்புறம் நாலாயிரம் குப்பைப் பொருட்கள் கிடக்கும். மணமக்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்தக் குப்பை எங்கே போய்ச் சேர்ந்தது என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா?

முன்னோடி மாவட்டம்

பிளாஸ்டிக் ஒழிப்பில் தமிழகத்தின் முன்னோடி மாவட்டங்களில் ஒன்று நமது குமரி மாவட்டம். 2010-ஆம் ஆண்டு வாக்கில், ராஜேந்திர ரத்னூ மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, இங்கே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராகத் தீவிர நடவடிக்கை எடுக்கப்பட்டது. வெளியூர்க்காரர்கள் அதை வியந்து பேசினார்கள். பின்னர் 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை வந்தது. 2021-இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது.

சட்டம் மூன்று முறை நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் மீன் வாங்கப் போகிறவர் இன்னமும் வெறுங்கையை வீசிக்கொண்டுதானே போகிறார்?

ஓர் அதிகாரி கண்டிப்பாக இருந்தால் பை மறைகிறது; அவர் மாறினால் பை திரும்பி வருகிறது. அப்படியென்றால் நாம் பயந்தது அபராதத்துக்கு மட்டும்தான். மனம் மாறவில்லை என்பதுதானே பொருள்?

தார்ச்சாலை விழுங்கிவிடுமா?

"பிளாஸ்டிக்கைக் கொண்டு ரோடு போடுகிறார்களே, பிறகென்ன கவலை?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டறிந்த முறை அது. சூடாக்கிய ஜல்லியின் மீது துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி, கல்லின் மேல் ஒரு பூச்சாகப் படிந்துவிடும். அதன்பின் தாரைக் கலப்பார்கள். ஒரு கிலோமீட்டர் ஒருவழிச் சாலைக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும். இதற்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால் அந்த டன், சுத்தமான, தரம் பிரித்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பி.வி.சி. கலந்தால் நச்சுப்புகை வரும். சோற்றுப் பருக்கையும் எலும்பும் ஒட்டிய பையை எந்த இயந்திரம் ஏற்கும்? விஞ்ஞானம் கைகொடுக்கத் தயார்தான். ஆனால் குப்பையைப் பிரிக்கும் வேலையை நம் வீட்டு அடுக்களையில் நாமல்லவா செய்ய வேண்டும்!

பிரிக்காத குப்பை என்ன ஆகிறது? நாகர்கோவில் வலம்புரிவிளை உரக்கிடங்கில் பலமுறை தீப்பற்றியதை நாம் அறிவோம். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் மாளிகைவாசிகளா? சுற்றியிருந்த எளிய குடும்பங்கள்! கிடங்குக்குப் போகாதது ஓடையில் விழுந்து பழையாற்றில் சேர்கிறது. பழையாறு மணக்குடியில் கடலில் கலக்கிறது. அங்கே மீனவரின் வலையில் மீனுக்குப் பதில் நம் வீட்டுப் பை ஏறுகிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம், தேரூர், வேம்பனூர் குளங்கள் நம் மாவட்டத்தின் பெருமை. அந்தப் பெருமையைக் காப்பாற்றும் பொறுப்பு கொக்குக்கும் நாரைக்குமா இருக்கிறது?

நியாயமும் கேட்போம்

தடையின் பெயரால் பூக்காரியிடமும் தள்ளுவண்டிக்காரரிடமும் அபராதம் வாங்குவது எளிது. பையைத் தயாரித்து லாரியில் அனுப்பியவனைப் பிடிப்பதல்லவா வீரம்! தாங்கள் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் விதிகளே சொல்கின்றன. அந்த விதி அமுலாக வேண்டும் என்று நாம் உரத்துக் கேட்க வேண்டும். ஆனால் கேட்பவன் கை சுத்தமாக இருந்தால்தானே கேள்விக்கு வலிமை?

நம்மிடமிருந்து தொடங்குவோம்

ஒவ்வொரு மஹல்லாவும் ஐநூறு எவர்சில்வர் தம்ளர்களும் தட்டுகளும் வாங்கி வைக்கட்டும். கல்யாண வீட்டாருக்குச் சிறு வாடகைக்குக் கொடுக்கட்டும். கழுவும் வேலையால் நாலு பேருக்குக் கூலியும் கிடைக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் விளையும் மண் இது. இங்கே வாழையிலைக்குப் பஞ்சமா? இலை போல அச்சடித்த தாளை விரித்துச் சாப்பிடுவது வெட்கமில்லையா?

நிக்காஹ் பதிவுக்கு வரும்போதே, "விருந்தில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்காது" என்று ஜமாஅத் ஒரு சொல் வாங்கிக்கொள்ளலாம். பக்ரீத் அன்று குர்பானி இறைச்சியைப் பையில் கட்டிக் கொடுக்காமல், பாத்திரம் கொண்டுவரச் சொல்லலாம். விரயம் கூடாது என்று மிம்பரில் கேட்கிறோம். கேட்டது மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடலாமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தமிழக அரசின் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் இருக்கிறது. மத்திய அரசின் பட்டியலில் நூறு மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனரும் இருக்கிறது. பொதுக்கூட்டம் முடிந்த மறுநாள் காலை சாக்கடையில் கிடப்பவற்றில் எல்லாக் கட்சிகளின் வண்ணங்களும் உண்டு. நம் வண்ணம் மட்டும் அதில் இல்லை என்று மார்தட்ட முடியுமா? அடுத்த கூட்டத்திலிருந்து துணிக்கொடி மட்டுமே என்று நம் கிளைகள் முடிவெடுக்கட்டும். துணிக்கொடியை மடித்து வைத்து மறுமுறையும் ஏற்றலாம், செலவும் மிச்சம்.

வாசகர்களே! நாளைக் காலை சந்தைக்குப் புறப்படும்போது ஒரு துணிப்பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்!