நீங்கள் கேட்டவை: சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் தோட்டத்துக்கு உதவுமா?

“மகன் கல்லூரியில் பயன்படுத்திய கம்ப்யூட்டரும் ஒரு பழைய லேப்டாப்பும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. ஒன்றை இரவு பகலாக ஓடும் ‘சர்வர்’ ஆக்கலாம் என்கிறான். மூன்று ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கும் எங்களுக்கு இதனால் பயன் உண்டா?”

- ஈரோடு மாவட்ட வாசகர்

முதலில் கரன்ட் கணக்கு. 60 வாட்ஸ் இழுக்கும் பழைய கம்ப்யூட்டர் 24 மணி நேரமும் ஓடினால், நாளொன்றுக்கு கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். லேப்டாப் 15 வாட்ஸ்தான் என்றால் 22 யூனிட்டோடு முடிந்துவிடும். கரன்ட் போனால் சிறிது நேரம் பேட்டரியும் தாங்கும். ஆகவே, லேப்டாப்பையே எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றிவிட வேண்டும். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசம். அதன்மேல் ‘ஃபார்ம்ஓஎஸ்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நடவு, உரம், அறுவடை எல்லாவற்றையும் வயல் வாரியாகப் பதியலாம். வீட்டு வைஃபையில் இருக்கும் செல்போனிலேயே திறக்கும். குறிப்புகளைத் தமிழில் எழுதலாம். மஞ்சள் ஒன்பது, பத்து மாதப் பயிர். விதைக்கிழங்கு விலை, களையெடுத்த கூலி, வேக வைத்த செலவு எல்லாம் விற்கும் நாளில் யாருக்கு நினைவிருக்கும்? கையில் வந்த பணத்தை லாபம் என்று எண்ணிவிட்டு, அடுத்த போகத்துக்கும் அதே பயிரை வைப்பவர்கள் பலர். மகனுக்கு லினக்ஸ் கைவராவிட்டால், கணக்கை ஒரு சாதாரண அட்டவணையில் வைத்தாலும் பலன் ஒன்றுதான்.

அடுத்தது மண் ஈரம். ‘ஈஎஸ்பி32’ என்ற சின்ன போர்டும் ஈரப்பத சென்சாரும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ‘ஹோம் அசிஸ்டென்ட்’ மென்பொருள் அந்த அளவுகளை வாங்கி வரைபடமாகக் காட்டும். இரண்டு உலோகக் கம்பி வெளியே தெரியும் மலிவு சென்சார் ஈர மண்ணில் சீக்கிரம் அரித்துவிடும். ‘கெப்பாசிட்டிவ்’ வகை என்று கேட்டு வாங்க வேண்டும். வைஃபை வீட்டைத் தாண்டி அதிக தூரம் போகாது. வயல் தள்ளியிருந்தால் ‘லோரா’ ரேடியோ தேவை. திறந்தவெளியில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் எட்டும். தென்னந்தோப்பு குறுக்கே வந்தால் குறையும்.

மோட்டாரை மட்டும் இதனுடன் இணைக்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் நள்ளிரவில் நின்றுபோனால், தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரை நிறுத்த ஆள் இருக்காது. அதற்கு, தண்ணீர் வற்றினால் தானே நிறுத்தும் வசதியுள்ள ஸ்டார்ட்டர்கள் கடைகளில் இருக்கின்றன.

வீட்டில் உள்ளவர்களுக்கும் பங்கு உண்டு. ‘ஜெல்லிஃபின்’ போட்டால், சேர்த்து வைத்த பாட்டும் படமும் டிவியில் ஓடும். ‘கிவிக்ஸ்’ மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்தால், இன்டர்நெட் இல்லாத நாளிலும் பிள்ளைகள் படிக்கலாம்.

பட்டா, சிட்டா நகல்களை அதில் வைப்பதானால், பழைய ஹார்டு டிஸ்க் சொல்லாமல் போகும் என்பதை மறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைத் தனியே கழற்றி வைக்க வேண்டும். வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாகத் திறக்கும் ஏற்பாடு முதல் ஆறு மாதத்துக்குத் தேவையில்லை.