வர்ஜீனியாவின் வெண்மலர் மரமும் நம் ஊர் அழிஞ்சிலும்

ஆவடியில் வசிக்கும் மூத்த வாசகி ஒருவர் சென்ற மாதம் எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் குடும்பத்துடன் இருக்கிறார். அம்மையார் அங்கே ஆறு மாதம் தங்கியிருந்தபோது, மகன் வீட்டு முற்றத்தில் ஒரு சிறு மரம் நின்றதாம். இலையின் நடுவில் பச்சை, ஓரமெல்லாம் வெண்மை. ஏப்ரல் மாதத்தில் கிளை தெரியாமல் வெள்ளைப் பூக்கள். அந்த மரத்தின் கன்று ஒன்றை மகன் அடுத்த முறை வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லலாமா, ஆவடி மண்ணில் அது வளருமா என்பதே கேள்வி. வீட்டைச் சுற்றி எல்லாம் சிமெண்ட் தளமாகிவிட்ட பிறகு, ஒரே ஒரு மரம் வைக்கும் அளவுக்குத்தான் மண் எஞ்சியிருக்கிறதாம். மகன் வீட்டில் நிற்கும் மரம் தம் வீட்டிலும் நின்றால் தூரம் சற்றுக் குறைந்தாற்போல் இருக்கும் என்றும் எழுதியிருந்தார். இந்த ஒரு வரிக்காகவே விரிவாகப் பதில் எழுத வேண்டியதாயிற்று.

அந்த மரத்தின் பெயர் டாக்வுட். தாவர நூலார் கார்னஸ் ஃப்ளோரிடா என்பர். வர்ஜீனியா மக்கள் 1918இல் இதன் பூவைத் தங்கள் மாநில மலராகவும், 1956இல் மரத்தை மாநில மரமாகவும் ஏற்றுக்கொண்டனர். நாம் இதழ் என்று பார்க்கும் நான்கு வெள்ளைப் பகுதிகளும் உண்மையில் இதழ்களல்ல. பூவைத் தாங்கும் சிற்றிலைகள். நடுவே பொத்தான்போல் திரண்டிருக்கும் மிகச் சிறியவையே மெய்யான பூக்கள். நம் வீட்டுக் காகிதப்பூவிலும் இதே அமைப்பைக் காணலாம்.

வரியிலை வகையில் இலையின் ஓரத்திலுள்ள திசுக்களில் பச்சையம் இல்லை, அல்லது மிகக் குறைவு. பச்சையம் இல்லாத பகுதி உணவு தயாரிக்காது. ஆதலால் இத்தகைய மரம் முழுப்பச்சை மரத்தைவிட மெல்ல வளரும். கடும் வெயிலில் வெண்பகுதி கருகும். இடையிடையே முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பும். அதை உடனே அடியோடு வெட்டாவிட்டால், வலுவான அக்கிளையே நாளடைவில் மரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். விதை போட்டால் இந்த வரி வராது, ஒட்டுக்கட்டியே பெருக்குகிறார்கள்.

இனி, அது ஆவடியில் வளருமா? வளராது. இம்மரம் கோடையிலேயே பூமொட்டுகளை உருவாக்கி வைத்துக்கொண்டு, நீண்ட குளிர்காலத்தைக் கடந்த பின்னரே அவற்றை மலர்த்தும். அந்தக் குளிர் இல்லையேல் மொட்டு விழிக்காது. நம் பக்கத்தில் தை மாதப் பனியிலும் இரவில் 20 டிகிரி செல்சியஸ் அளவில்தான் நிற்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் 40ஐத் தாண்டுகிறது. மேலோட்டமான வேரும், குளிர்ந்த மண்ணில் விருப்பமும் கொண்ட அந்த மரம் ஒரு சித்திரையைத் தாண்டுவது அரிது.

ஊர்விட்டு ஊர் மரம் அனுப்பி அன்பு பாராட்டும் வழக்கம் உலகில் உண்டு. 1912இல் தோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை அனுப்பியது. அதற்குக் கைம்மாறாக அமெரிக்கா 1915இல் ஜப்பானுக்கு அனுப்பியது இதே டாக்வுட்டைத்தான். இரண்டும் வேர்கொண்டன. காரணம், இரு நகரங்களிலும் நான்கு பருவங்களும் ஏறக்குறைய ஒத்தவை. ஆவடிக்கும் வர்ஜீனியாவுக்கும் அந்த ஒற்றுமை இல்லை.

பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது சட்டத்துக்கும் பொருந்தாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையின்படி, வெளிநாட்டுக் கன்றுக்கு இறக்குமதி அனுமதியும், நோயற்றது என்ற சான்றிதழும் தேவை. இதை வெறும் காகிதக் கெடுபிடி என்று எண்ணவேண்டாம். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தென்பட்ட ஒரு பூஞ்சை நோய், காடுகளிலிருந்த டாக்வுட் மரங்களைப் பெருமளவில் அழித்தது. அது வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஒரு கன்றோடு என்ன வரும் என்று நம் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த அம்மையாரின் ஆசைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. டாக்வுட்டின் உறவுக்காரர் ஒருவர் நம் மண்ணிலேயே இருக்கிறார். இமயமலைச் சரிவில் அதன் நேர் உடன்பிறப்பு ஒன்று உண்டு. குமாவோன் மக்கள் பமோரா என்பர். அதுவும் குளிர்நாட்டு மரமே. நான் சொல்வது அழிஞ்சில். வடமொழியில் அங்கோலம். இதைத் தாவர நூலார் இன்று டாக்வுட் குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர். அலாஞ்சியம் என்ற அதன் இலத்தீன் பெயரே மலையாள நாட்டில் வழங்கிய பெயரிலிருந்து பிறந்தது.

அழிஞ்சில் சோழமண்டலக் கரையின் வறண்ட காடுகளுக்கு உரியது. நம் வெயிலும் வறட்சியும் அதற்குப் புதியவையல்ல. பெரிதாக ஓங்காத சிறு மரம். பனிக்காலத்தின் இறுதியில் இலை உதிர்த்து, மாசி பங்குனியில் வெறுங்கிளைகளில் வெள்ளைப் பூக்களைச் சூடிக்கொள்ளும். நல்ல மணம். நீண்ட இதழ்கள் பின்னோக்கிச் சுருண்டிருக்கும். பின்னர் பழங்கள் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். பறவைகள் தேடி வரும்.

முன்னோர் அந்தந்த மண்ணில் எது வளர்ந்ததோ அதையே தெய்வத்தின் அருகில் வைத்தார்கள். நம் பக்கத்துத் தலங்களையே பாருங்கள். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரருக்குத் தல விருட்சம் முல்லைக்கொடி. அச்சந்நிதியின் முன் நிற்கும் இரு தூண்கள் எருக்க மரத்தால் ஆனவை. திருவேற்காட்டில் வேதபுரீசுவரருக்கு வெள்வேல மரம். பூவிருந்தவல்லியில் திருக்கச்சிநம்பிகள் நந்தவனம் அமைத்து, அம்மலர்களைக் காஞ்சி வரதருக்குச் சுமந்து சென்றார் என்பது வைணவ மரபு. முல்லை, வேல், எருக்கு இவற்றுள் ஒன்றும் தேடிக் கொணர்ந்த அரும்பொருள் அல்ல.

வளர்க்கும் முறை எளிது. நாட்டு மரக்கன்று வளர்ப்போரிடமும், வனத்துறை நாற்றங்காலிலும் கேட்டுப் பார்க்கலாம். சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி, இரண்டடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பவும். புரட்டாசியில் நட்டால் வடகிழக்கு மழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். ஆனால் தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருத்தல் ஆகாது. முதல் இரண்டு கோடைகளில் வாரம் இருமுறை நீர் போதும். சில சிறு கிளைகளின் நுனி முள்போல் கூர்மையாக இருக்கும்; நடைபாதைப் பக்கம் நீளாமல் கழித்துவிடவும். வேர்ப்பட்டை சித்த மருத்துவத்தில் இடம்பெறுவது, வாந்தி உண்டாக்கக்கூடியது. மருத்துவர் சொல்லாமல் கஷாயம் வைத்துக் குடிக்கலாகாது.

வரியிலைதான் வேண்டும் என்றால், அழிஞ்சிலின் அரை நிழலில் ஒரு தொட்டியில் வரியிலை நந்தியாவட்டை வைக்கலாம். நம் நர்சரிகளில் கிடைக்கும். பதியன் அல்லது குச்சி வைத்துப் பெருக்க வேண்டும். முழுப்பச்சைக் கிளையை வெட்டும் விதி இதற்கும் உண்டு. அன்றாடப் பூஜைக்கு ஈசனுக்கு உகந்த வெண்மலரும் கிடைக்கும்.

அழிஞ்சில் விதை கீழே விழுந்தாலும் தாய்மரத்தையே மீண்டும் சென்று ஒட்டிக்கொள்ளும் என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. பழச்சதையின் பசைத்தன்மை அதற்கு இடம் தந்திருக்கலாம். ஆதிசங்கரர் அருளியதாகப் போற்றப்படும் சிவானந்தலஹரியின் 61ஆம் சுலோகத்தில் பக்திக்குச் சொல்லப்படும் ஐந்து உவமைகளுள் முதலாவது இந்த விதைதான். கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் நமக்கு, நாமே தாய்மரம் என்றும், விதை என்றைக்குத் திரும்பும் என்றும் எண்ணத் தோன்றும். சுலோகம் சொல்வது வேறு. அங்கே மரம் ஈசனின் திருவடி. விதை நம் மனம். திரும்பிச் சென்று ஒட்ட வேண்டியது பிள்ளைகள் அல்லர், நாம்தான். அழிஞ்சில் நிழலில் நாற்காலி போட்டு அமரும் மாலைகளில், அதைப் பழகிக்கொள்ளப் பொழுது நிறைய இருக்கிறது.