தனி நடையும் பலர் துணையும்

தன்னந்தனியே நெடுந்தொலைவு நடப்போரைப் பற்றி இருவேறு கருத்துகள் உலவுகின்றன. ஒரு சாரார், எவர் துணையும் வேண்டாத வீரர்கள் என்று அவர்களைப் போற்றுகின்றனர். மற்றொரு சாரார், வீட்டாரைக் கவலைக்குள்ளாக்கும் பொறுப்பற்றவர்கள் என்று குறைகூறுகின்றனர். தனியே நடப்பவர் பிறரிடமிருந்து முற்றிலும் விலகிவிட்டார் என்ற எண்ணமே இவ்விரண்டுக்கும் அடிப்படை. நெடுநடைப் பாதையில் கழியும் ஒரு நாளை உற்றுநோக்கினால், அவ்வெண்ணம் பிழையானது என்பது புலப்படும்.

பாதை பிறந்த வகை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் வழியே நடைபாதை ஒன்று அமைய வேண்டும் என்று பெண்டன் மெக்காய் என்னும் வனவியலாளர் 1921ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். பலரும் கூடி உழைத்ததன் பயனாக 1937இல் அப்பாதை முழுமை பெற்றது. இன்று அது ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். முழுப் பாதையையும் ஒரே பயணமாக நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதங்கள் வரை ஆகும்.

சுமையும் பொறுப்பும்

விடியற்காலையில் நடைப்பயணி தம் கூடாரத்தைச் சுருட்டி முதுகுப்பையில் அடுக்குகிறார். உறக்கப்பை, மாற்றுடை, மழைச்சட்டை, சிறு அடுப்பு, சில நாள்களுக்கான உணவு, அன்றைய குடிநீர் ஆகிய அனைத்தும் அப்பைக்குள் அடங்க வேண்டும். அதன் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சாதிருத்தல் நலம் என்பது பட்டறிந்தோர் கூற்று. ஆதலின், ஒவ்வொரு பொருளும் இன்றியமையாததுதானா என்று அவர் எண்ணிப் பார்க்கிறார். மிகையாகச் சுமப்பவர் மலையேற்றத்தில் தளர்வார். தேவையானதை விட்டுச் சென்றவரோ தாம் இடருறுவதோடு, தம்மை மீட்க வருவோரையும் இடருக்கு உள்ளாக்குவார். எனவே, பையை ஆராய்ந்து அடுக்குவதும், எந்த வழியில் சென்று எந்நாளில் ஊரை அடைவோம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவதும் அச்சத்தின் அடையாளங்கள் என்று கொள்ளத்தக்கவை அல்ல. அவை பிறர்க்குச் செய்யும் கடமைகள்.

வெண்குறி காட்டும் வழி

காட்டினுள் அவருக்கு வழி சொல்வார் எவருமிலர். ஆயினும், மரங்களிலும் பாறைகளிலும் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உடைய வெள்ளைக் குறிகள் அவரை அழைத்துச் செல்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக இரு குறிகள் தோன்றினால், வழி திரும்பப் போகிறது என்று பொருள். நீலக் குறிகள் நீர்நிலைக்கோ குடிலுக்கோ பிரியும் கிளைவழிகளை உணர்த்துகின்றன. மழையில் மங்கும் இக்குறிகளைத் தன்னார்வலர்கள் மீண்டும் தீட்டுகின்றனர். புயலில் சாய்ந்த மரங்களை அறுத்து அகற்றுவோரும், சரிவுகளில் கற்படிகள் பதிப்போரும் அவர்களுள் அடங்குவர். நடைப்பயணி அவர்களைக் கண்டிருக்கமாட்டார். அவர்தம் உழைப்பின் மீதுதான் அவருடைய ஒவ்வோர் அடியும் பதிகிறது. குறிகளைப் பொருட்படுத்தாமல் சிறிது தொலைவு விலகிச் சென்று, திரும்பும் வழி அறியாது காட்டிலேயே உயிர்நீத்தோரும் உண்டு. தனிமையில் கவனக்குறைவுக்குக் கொடுக்கும் விலை பெரிது.

மாலைக் குடில்

பொழுது சாய்கையில் அவர் ஒரு மரக்குடிலை அடைகிறார். மூன்று புறம் சுவரும் திறந்த முகப்பும் கொண்ட இத்தகைய குடில்கள் இப்பாதையில் 250க்கும் மேற்பட்டு உள்ளன. அங்கிருக்கும் குறிப்பேட்டில் தம் பெயரையும் நாளையும் செல்லும் திசையையும் அவர் எழுதுகிறார். ஒருவேளை அவர் காணாமற்போனால், தேடுவோர்க்கு அக்குறிப்பு உதவும். நீரூற்று வற்றிவிட்டது, ஆற்றில் வெள்ளம் மிகுந்துள்ளது என்று முன்சென்றோர் எழுதியவை இவருக்கு உதவுகின்றன. கரடிகள் நடமாடும் காடாதலின், உணவுப்பையை உறங்குமிடத்திலிருந்து விலக்கி உயர்ந்த கிளையில் கட்டித் தொங்கவிடுகிறார். மனிதர் உணவைச் சுவைத்துப் பழகிய கரடி அடுத்து வருவோர்க்கு ஆபத்தாகும். இறுதியில் அக்கரடியே கொல்லப்படவும் நேரும். மறுநாள் புறப்படுகையில், தாம் உண்டாக்கிய குப்பை முழுவதையும் தம் பையிலேயே எடுத்துச் செல்கிறார்.

ஒரு மூதாட்டியின் சான்று

11 பிள்ளைகளை வளர்த்த எம்மா கேட்வுட் என்னும் அம்மையார், 1954இல் மெய்னிலிருந்து நடக்கத் தொடங்கி, வழிதவறி, வனக்காவலர்களின் அறிவுரைப்படி வீடு திரும்பினார். மறு ஆண்டு, தம் 67ஆம் அகவையில், ஜார்ஜியாவிலிருந்து மீண்டும் புறப்பட்டார். துணிக்காலணி அணிந்து, தாமே தைத்த பையொன்றைத் தோளில் தொங்கவிட்டு நடந்தார். குளியலறைத் திரைச்சீலையே அவருக்கு மழைக்காப்பாயிற்று. முழுப் பாதையையும் ஒரே பயணத்தில் தனியே நடந்து முடித்த முதல் பெண்மணி அவரே. அவருடைய மனவுறுதி போற்றத்தக்கது. அதே வேளையில், வழியில் அறிமுகமற்ற பலர் அவருக்கு உணவும் உறைவிடமும் தந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. பாதை சீர்கெட்டிருந்த இடங்களை அவர் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். அதனால் அதன் பராமரிப்பின் மீது மக்களின் கவனம் திரும்பியது. பெற்றதைப் பின்வருவோர்க்கு அவர் இவ்வாறு திருப்பித் தந்தார்.

தற்சார்பு என்பது யாது?

தற்சார்பு என்பது பிறரை உதறுதல் என்று இளையோர் சிலர் கருதுகின்றனர். தம்மால் இயன்றதைப் பிறர் தலையில் சுமத்தாமையும், பிறர் செய்ததை அறிந்து மதித்தலும், அடுத்து வருவோர்க்கு வழியைச் செம்மையாக விட்டுச் செல்லுதலும் சேர்ந்ததே தற்சார்பு. கல்விக்காகவும் பணிக்காகவும் நாளை வீட்டைப் பிரிந்து தனியே செல்லவிருக்கும் மாணவர்க்கும் இது பொருந்தும். கால்கள் தம்முடையவை; பாதையோ பலர் இட்டது. இதை உணர்ந்து நடப்பவரே தனியே நடக்கும் தகுதி பெற்றவர்.