டிஜிட்டல் வானொலி ஊவாவிலிருந்து தொடங்கட்டும்

இலங்கை வானொலிக்கு 2025 டிசம்பர் 16ஆம் திகதி நூறு வயது நிறைந்தது. அதற்கு மூன்று கிழமை முந்தித்தான் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பாதைகள் அறுந்தன, மின்சாரம் போனது, கைத்தொலைபேசிகள் செத்தன. அனர்த்த அறிவித்தல்கள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தி வந்தன என்ற முறைப்பாடு எல்லாப் பக்கமும் எழுந்தது. நூற்றாண்டைக் கொண்டாடும் ஒலிபரப்புத் துறை காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய முறைப்பாடு அது.

பூனாகலை, பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தை நோக்கி இறங்கும் பாதையில் இருக்கிறது. 2023 மார்ச் 19ஆம் திகதி இரவு அங்குள்ள கபரகலத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை மூடியது. பலர் காயமடைந்தார்கள், குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அங்கிருந்து அதிக தூரமில்லாத மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை நடந்த மண்சரிவை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த இடம் ஆபத்தானது என்று மீரியபெத்தைக்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்குக் காணியும் வீடும் இல்லாத மக்களிடம் எச்சரிக்கையை மட்டும் கொடுத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? அந்தக் கேள்விக்கு எந்த ஒலிபரப்புத் தொழில்நுட்பத்திடமும் பதில் கிடையாது. நமது கையில் இருப்பது வேறொரு பங்கு. மழை கொட்டும் இரவில், ‘எழுந்து வெளியே போங்கள்’ என்ற வார்த்தை அவர்களுடைய மொழியில், நேரத்துக்கு, அந்தக் காம்பராவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

டிஜிட்டல் வானொலி பற்றி நம் துறையில் பேச்சு வரும்போதெல்லாம் ஒலித் தரத்தில் தொடங்கி ஒலித் தரத்திலேயே முடிந்துவிடுகிறது. கொழும்பில் காரில் போகிறவருக்கு எப்.எம்.மும் டிஜிட்டலும் பெரிய வித்தியாசம் காட்டப் போவதில்லை. வித்தியாசம் தெரிய வேண்டிய இடம் மலை.

நோர்வேயின் கதையைப் பார்ப்போம். 2017 ஜனவரி 11ஆம் திகதி வடக்கே நூர்லாண்ட் மாகாணத்தில் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பர் 13க்குள் தேசிய ஒலிபரப்புகள் அனைத்தையும் எப்.எம்.மிலிருந்து டி.ஏ.பி. பிளஸ் என்ற டிஜிட்டல் முறைக்கு மாற்றி, உலகில் முதன்முதலாக அதைச் செய்த நாடானது. காரணம் சங்கீதம் அல்ல, நிலம். மலையும் கடற்கால்வாயும் நிறைந்த நாட்டில் சிறு சனத்தொகைக்காக ஒவ்வொரு எப்.எம். சேவைக்கும் தனித்தனியே அஞ்சல் நிலையங்களைக் கட்டிப் பராமரிப்பது கட்டுப்படியாகவில்லை. டி.ஏ.பி.யில் 1.536 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தொகுதிக்குள் பல சேவைகள் அடங்கும். எல்லா அஞ்சல் நிலையங்களும் ஒரே அலைவரிசையில் ஒலிக்கலாம், மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலி தொல்லை தராமல் துணையாகிவிடும்.

நம்மவர்கள் நோர்வேயைப் பேசும்போது விட்டுவிடும் பகுதி, நாடாளுமன்றம் 2011இல் விதித்த நிபந்தனைகள். பொது ஒலிபரப்பின் டிஜிட்டல் வீச்சு பழைய எப்.எம். வீச்சுக்குச் சமமாக வேண்டும். கார்களுக்குக் கட்டுப்படியான வழி வேண்டும். நாளாந்தம் கேட்போரில் பாதிப் பேர் ஏதோ ஒரு டிஜிட்டல் வழியில் கேட்க வேண்டும். இவை நிறைவேறிய பிறகே சுவிட்சைத் தொட்டார்கள். அப்படியிருந்தும் உள்ளூர்ச் சிறு நிலையங்கள் பல எப்.எம்.மிலேயே தொடர்ந்தன. சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31இல் எப்.எம்.மை நிறுத்தி, அடுத்த மாதங்களில் கேட்போரை இழந்தது. தொடக்கத்திலேயே கைவிட்டவர்களும் உண்டு. பின்லாந்து 2005இல் டி.ஏ.பி.யை மூடியது, போர்த்துக்கல்லும் சிங்கப்பூரும் 2011இல், ஹொங்கொங் 2017இல். எங்குமே கோபுரம் காரணமாக இருக்கவில்லை. வீட்டில் அதைக் கேட்கும் வானொலிப் பெட்டி இல்லை.

இந்த விஷயத்தில் இலங்கைக்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு. திருகோணமலையில் ஜேர்மன் வானொலி 1984 முதல் நடத்திய அஞ்சல் நிலையத்தைப் பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பொறுப்பேற்றது. ஜேர்மனியர் காலத்திலேயே அங்கிருந்து தெற்காசியாவை நோக்கி டி.ஆர்.எம். முறையில் டிஜிட்டல் ஒலிபரப்பு போயிருக்கிறது. இந்தத் தீவின் மண்ணிலிருந்து டிஜிட்டல் வானொலி வெளியே பாய்ந்தபோது அதைக் கேட்கும் பெட்டி இங்கே யாரிடமும் இருக்கவில்லை. அயலில் ஆகாசவாணி மத்திய அலையில் சுமார் 35 டி.ஆர்.எம். ஒலிபரப்பிகளை நிறுவியது. அங்கும் கதை அதுதான். புதிய கார்களில் வசதி வந்தது, கடைத் தெருவில் விலை குறைந்த பெட்டி வரவில்லை. 2025 ஒக்டோபரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தனியார் எப்.எம். நிலையங்களுக்குச் செய்த பரிந்துரையும் பழையதை நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்தே நடத்தச் சொல்கிறது. அனுபவம் பேசுகிறது.

நமக்கு எது பொருந்தும்? நமது தெரிவு எப்.எம். பட்டைக்குள்ளேயே இயங்கும் டி.ஆர்.எம். முறை. டி.ஏ.பி.க்குப் புதிய அலைப் பட்டை, புதிய கோபுர வலையமைப்பு, நாடு தழுவிய முதலீடு எல்லாம் வேண்டும். டி.ஆர்.எம்.முக்கு 96 கிலோஹேர்ட்ஸ் போதும். ஏற்கெனவே ஒலிக்கும் எப்.எம். அலைவரிசைக்குப் பக்கத்தில், பொருத்தமான ஒலிபரப்பி இருந்தால் அதே அன்டெனாவிலிருந்து அனுப்பலாம். 2021இல் டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஆகாசவாணி அதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறது. அந்த 96 கிலோஹேர்ட்ஸுக்குள் மூன்று ஒலிச் சேவைகளும் எழுத்துச் செய்தியும் அடங்கும்.

மூன்று சேவைகள் என்பதை ஊவாவில் வைத்து யோசியுங்கள். ஒரே அலைவரிசையைச் சிங்களமும் தமிழும் மணித்தியாலக் கணக்கில் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில், மண்சரிவு வருவது யாருடைய நேரத்தில் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தமிழ் நேரம் முடிந்த பிறகு மழை பிடித்தால் தோட்டத்துக்குச் செய்தி மறுநாள்தான். டிஜிட்டலில் தமிழுக்கு முழு நாளும் சொந்தமாக ஓர் ஓடை கிடைக்கும். பதுளையில் 2002 அளவில் தொடங்கிய ஊவா சமுதாய வானொலியும், அதற்கு முன் 1980களில் கிராந்துருகோட்டையிலும் கொத்மலையிலும் எழுந்த சமுதாய நிலையங்களும் ஊருக்குள் மைக்கைக் கொண்டுபோகும் பழக்கத்தை ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பழக்கம்தான் நம்மிடமுள்ள பெரிய மூலதனம்.

டி.ஆர்.எம்.மில் அவசர எச்சரிக்கை அம்சம் ஒன்று உண்டு. ஒலிபரப்பில் எச்சரிக்கைக் குறி வந்தவுடன், உறங்குநிலையில் இருக்கும் பெட்டி தானே விழித்து, அவசரச் சேவைக்கு மாறி, திரையில் பல மொழிகளில் எழுத்தையும் காட்டும். இந்தோனேசியாவில் அரச வானொலி இதை அனர்த்த எச்சரிக்கைக்காகப் பரிசோதித்துள்ளது. 2014இல் நாம் தொலைக்காட்சிக்கு ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தபோதும் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை அம்சம் அதன் கவர்ச்சிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பத்தாண்டு கடந்தும் அந்த மாற்றம் முடியவில்லை. பெரிய திட்டத்துக்காகக் காத்திருந்தால் சிறியதும் நடக்காது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையா?

பெட்டி யாரிடம் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய். இன்று சந்தையில் இருக்கும் டி.ஆர்.எம். பெட்டி பல நாள் கூலியை விழுங்கும். வீட்டுக்கு ஒன்று என்பது நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. லயனுக்கு ஒன்று போதும். பிரட்டுக்களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் கோயில் மண்டபத்திலும் லயன் முனையிலும் ஒவ்வொரு பெட்டி. சூரியத் தகடு, பற்றரி, ஒலிபெருக்கி, சைரன். எச்சரிக்கைக் குறி வந்தால் பெட்டி விழிக்கும், சைரன் அலறும், அதன் பின் தமிழில் குரல் வரும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பஞ்சாயத்து வானொலி ஊர்ப் பூங்காவிலிருந்து மாலைச் செய்தியைப் பரப்பியதைக் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அதையே விழித்திருக்கும் காதோடு திரும்பக் கொண்டுவருவதுதான் இது. இப்படிப் பார்த்தால் மற்ற நாடுகளைத் தடுமாற வைத்த பெட்டிக் கணக்கு ஊவாவில் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும்.

அலை மறைவுதான் உண்மையான பொறியியல் வேலை. எப்.எம்.மில் அலை மெலிந்தால் இரைச்சல் ஏறும், ஆனாலும் வார்த்தை பிடிபடும். கொழுந்து மலையில் நிற்கிறவர் பெட்டியை இடுப்பிலிருந்து தோளுக்கு உயர்த்தினால் பாதிப் பாட்டாவது கிடைக்கும். டிஜிட்டலில் இந்த இடைநிலை இல்லை. எல்லை வரை சுத்தமாக வந்து, எல்லையில் ஒரேயடியாக நின்றுவிடும். லிப்டன் இருக்கை இருக்கும் முகட்டின் நிழலில் கிடக்கும் டிவிசன்களுக்கு நமுனுகுலை மலையிலிருந்து வரும் அலை ஒன்றை மட்டும் நம்ப முடியாது. சிறு அஞ்சல்கள் வேண்டும். எப்.எம். பட்டை டி.ஆர்.எம்.மில் எதிரொலியைத் தாங்கும் காப்பு இடைவெளி 0.25 மில்லி செக்கன், அதாவது அலை ஏறத்தாழ 75 கிலோமீற்றர் போகும் நேரம். பூனாகலைக்கும் நமுனுகுலைக்கும் இடையிலுள்ள தூரம் அதில் பாதி கூட இல்லை. ஆகவே நேர ஒத்திசைவைக் கவனித்துக்கொண்டால், ஒரே அலைவரிசையில் சிறு சக்தி அஞ்சல்களை முகட்டுக்கு முகடு வைக்கலாம்.  கற்றுக்கொள்ள வேண்டிய இடம் நோர்வே.

கைத்தொலைபேசியே போதாதா என்று கேட்பவர்களும் நம் துறைக்குள் இருக்கிறார்கள். சாதாரண நாளில் போதும். கோபுரத்துக்கு மின்சாரம் போய், இழைவடம் அறுந்த இரவில் என்ன மிஞ்சியது என்பதை டித்வா காட்டியது. டிஜிட்டல் வானொலியை ஏற்கும் தொலைபேசியென்று எல்.ஜி. நிறுவனம் 2016இல் ஸ்டைலஸ் 2ஐக் கொண்டுவந்தது. அந்தப் பாதையில் பின்னால் யாரும் பெரிதாக வரவில்லை. காதுவடத்தையே அன்டெனாவாக்கி எப்.எம். கேட்கும் வசதியும் புதிய தொலைபேசிகளில் குறைந்துகொண்டே போகிறது.

எஞ்சுவது ஆள் விஷயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழைவீழ்ச்சியை 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற படிகளில் வைத்துப் பார்த்து, விழிப்பு, தயார்நிலை, வெளியேற்றம் என்று அறிவித்தல் தருகிறது. அது கைக்கு வந்ததும் அதிகாலை இரண்டு மணிக்கு மைக் முன் உட்கார்ந்து தமிழில் வாசிக்க யார் இருக்கிறார்? ‘ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவு’ என்று மட்டும் வாசித்துவிட்டுப் போகாமல், ‘கபரகல, மேல் டிவிசன்’ என்று தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்த ஒருவர் கடமையில் இருக்கிறாரா? ஒலிபரப்பியை வாங்குவதற்கு முன் கேள்விப்பத்திரத்தில் எழுத வேண்டிய வரி இது. இந்தப் பணிக்கு ஆள் எடுக்காத திட்டத்தை நமது இதழ் ஆதரிக்காது.

நாம் கேட்பது பெரிய தொகையல்ல. எப்.எம். அப்படியே ஓடட்டும், அதை மூடும் பேச்சு வேண்டாம். பதுளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையே ஒரு பரிசோதனைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தற்காலிக அனுமதி தரட்டும். தெரிந்தெடுத்த தோட்டங்களில் லயன் பெட்டிகள் வைத்து இரண்டு மழைக்காலம் பார்க்கலாம், தென்மேற்கும் வடகிழக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் முதல் நாளிலிருந்தே மேசையில் இருக்க வேண்டும்.

அதற்கு முன் நாமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கொஸ்லந்தை, பூனாகலை, ஹல்துமுல்லை, ஹப்புத்தளைப் பகுதிகளில் எந்த டிவிசனில் எந்த எப்.எம். அலை எவ்வளவு பலத்தில் விழுகிறது என்ற அளவீடு நம்மில் பலரின் மடிக்கணினிகளில் சிதறிக் கிடக்கிறது. பழுது பார்க்கப் போனபோது எடுத்தவை, சண்டையில் முடிந்த ஆய்வுகளுக்காக எடுத்தவை, எதுவானாலும் அனுப்புங்கள். இடம், உயரம், அன்டெனா வகை, மழையா வெயிலா என்ற விவரத்தோடு வந்தால் போதும். அடுத்த இதழில் வரைபடமாக்கி வெளியிடுகிறோம்.