கரும்பு நம்முடையது, சான்றிதழ் யாருடையது?



போன பருவத்து பாக்கியைக் கேட்டு ஆலைக்குப் போயிருந்தோம். வழக்கம்போல வேப்ப மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். பேச்சோடு பேச்சாக, "எங்க கரும்புச் சக்கையில கரண்ட் எடுக்கிறீங்களே, அதுக்கு ஏதோ சான்றிதழ் கிடைக்குமாமே, அதை வித்தீங்களா?" என்று கேட்டோம். "அது கரும்புக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்று பதில் வந்தது. சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சான்றிதழ் வியாபாரத்தை எரிபொருளில் பெரிய அளவில் நடத்திப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே 2005-ல் ஒரு சட்டம் போட்டு, 2007-ல் அதைப் பெரிதாக்கினார்கள். பெட்ரோல், டீசல் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற கம்பெனிகள் ஆண்டுதோறும் இவ்வளவு தாவர எரிபொருள் கலக்கப்படுவதற்குப் பொறுப்பு. சரி, கலக்க முடியாதவன் என்ன செய்வான்? அதற்குத்தான் சீட்டு. எத்தனால் ஆலையில் ஒரு காலன், அதாவது மூன்றே முக்கால் லிட்டர், உற்பத்தியானால் கூடவே ஒரு எண் பிறக்கிறது. 'ரின்' என்று அதற்குப் பெயர். ஆரம்பத்தில் 38 இலக்கம். எத்தனாலைப் பெட்ரோலில் கலந்ததும் எண் தனியாகப் பிரிந்துவிடும். அப்புறம் அதைச் சந்தையில் விற்கலாம். ஒரு சொட்டும் கலக்காத கம்பெனி அதை வாங்கிக் காட்டினால் அதன் கடமை முடிந்தது! லெவி நெல் காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தான் நெல் போடாமல், அடுத்தவன் போட்ட ரசீதைக் காசு கொடுத்து வாங்கிக் காட்டினால் எப்படியோ, அப்படித்தான் இது.

இதனால் அங்குள்ள மக்காச்சோள விவசாயிக்கு நன்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். விளைச்சலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எத்தனாலுக்குப் போகிறது. நிச்சயமான ஒரு கிராக்கி அவனுக்குக் கிடைத்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு புஷல், நம்ம அளவில் 25 கிலோ சொச்சம், மக்காச்சோளத்தில் 2.8 காலன் எத்தனால் வரும். அப்படியானால் கிட்டத்தட்ட மூன்று சீட்டு. 2013 தொடக்கத்தில் ஒரு சீட்டு வெறும் சில சென்ட். அதே ஜூலையில் 1 டாலர் 40 சென்ட்டைத் தாண்டியது. ஒரு புஷல் சோளத்தில் பிறந்த காகிதத்துக்கு மட்டும் ஏறக்குறைய 4 டாலர்! அந்த அறுவடையில் சோளத்துக்கே விவசாயிக்குக் கிடைத்தது 4 டாலர் சொச்சம்தான். முந்தின வருட வறட்சியில் 8 டாலர் தொட்ட சோளம், நல்ல விளைச்சல் வந்ததும் இறங்கிவிட்டது. சீட்டு ஏறியதால் அது இறங்காமல் நிற்கவில்லை. சீட்டுக் காசு முழுவதையும் ஒரே ஆள் அள்ளிவிட்டான் என்பதல்ல. ஒரு பகுதி கலப்பு எரிபொருளின் விலைக் குறைவாகவும் போனது. ஆனால் சோளம் போட்டவன் பெயர் அந்தச் சீட்டில் எங்குமே இல்லை.

காகிதம் என்றால் கள்ளக் காகிதமும் வருமே! மேரிலாந்து மாநிலத்தில் ஒரு கம்பெனி எரிபொருளே தயாரிக்காமல் 3 கோடிக்கும் மேற்பட்ட பொய்ச் சீட்டுகளை விற்றது. அதன் முதலாளிக்கு 2013-ல் 12 வருடத்துக்கு மேல் சிறைத் தண்டனை. கள்ளக் காகிதத்தைவிடப் பெரிய அடி கொடுத்தது சட்டத்திலேயே இருந்த ஓட்டை. 'சின்ன சுத்திகரிப்பு ஆலை, கஷ்டத்தில் இருக்கிறது' என்று விலக்குக் கேட்கலாம். 2019 ஆகஸ்டில் ஒரே மூச்சில் 31 விலக்குகள் கொடுத்தார்கள். சோள விவசாயிகள் கொதித்துப் போனார்கள். அவர்கள் சங்கங்களும் சேர்ந்து நீதிமன்றம் போய் 2020-ல் ஜெயித்தன; 2021-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான கேள்வியில் ஆலைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனிக்குக் கஷ்டம் என்றால் விலக்கு. நமக்குக் கஷ்டம் என்றால் ஜப்தி நோட்டீஸ்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கே பெட்ரோலில் அந்தச் சீட்டு முறை இல்லை. எண்ணெய்க் கம்பெனிகள் எத்தனாலை வாங்கி நேரடியாகக் கலக்கின்றன. 2025-ல் 20 சதவீதத்தை எட்டியாயிற்று. ஆனால் மின்சாரத்தில் அந்த முறை எப்போதோ வந்துவிட்டது. 2010-ல் விதி, 2011-ல் சந்தை. தகுதியுள்ள உற்பத்தியாளருக்கு 1000 யூனிட்டுக்கு ஒரு புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ். காற்று, சூரியன் மட்டுமல்ல, கரும்புச் சக்கையும் அதில் சேர்த்தி. நல்ல கொதிகலன் உள்ள ஆலையில் ஒரு டன் கரும்பின் சக்கையில் 100 யூனிட் வரை எடுக்கலாம். அந்தக் கணக்கில், நாம் அனுப்புகிற பத்து டன் லோடு ஒன்றுக்கு ஒரு சான்றிதழ் அளவு மின்சாரம். 2012-லிருந்து 2017 வரை அதன் அடிமட்ட விலை 1,500 ரூபாய். வாங்க வேண்டிய மின் வினியோக நிறுவனங்கள் பல வாங்காமல் இருந்ததால், விற்காத சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் தேங்கியதும் உண்மைதான். தேங்கினால் ஆலைக்கு நஷ்டம், ஒத்துக்கொள்கிறோம். விற்றபோது நமக்கு என்ன பங்கு?

விலைச் சட்டம் என்ன சொல்கிறது? கூடுதல் லாபத்தில் பங்கு தருகிற 5-ஏ பிரிவு 2009-ல் நீக்கப்பட்டது. ரங்கராஜன் குழு 2012-ல் சர்க்கரை, சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் மதிப்பில் 70 சதவீதம் விவசாயிக்கு என்றது. கவனியுங்கள், சக்கையின் விலைதான்; சக்கையில் பிறந்த மின்சாரமோ சான்றிதழோ அந்தக் கணக்கில் இல்லை. தமிழ்நாட்டில் 2018-ல் மாநிலப் பரிந்துரை விலையை எடுத்துவிட்டு 'வருவாய்ப் பங்கீடு' என்று சட்டம் போட்டார்கள். பெயரில்தான் பங்கீடு! மத்திய அரசு 2023-ல் கார்பன் சான்றிதழ் வர்த்தகத் திட்டத்தையும் அறிவித்திருக்கிறது. அடுத்த காகிதம் வாசலுக்கு வந்தாயிற்று.

ஆகவே நம் சங்கம் கேட்பது இது. ஒவ்வொரு ஆலையும் எத்தனை சான்றிதழ் வாங்கியது, என்ன விலைக்கு விற்றது என்பதைப் பருவ முடிவில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்த வரவை வருவாய்ப் பங்கீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். எரிபொருளில் எந்தச் சீட்டு வந்தாலும், விளைவித்தவன் பங்கு அந்த விதியிலேயே எழுதப்பட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்பது கூடாது. 14 நாளில் பணம், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966 உத்தரவில் இருப்பதையே வாங்க முடியாத நிலையில் இது பேராசை என்பார்கள். சொல்லட்டும்.

கிளைச் செயலாளர்கள் ஒவ்வொரு ஊரிலும் கடைசி இரண்டு பருவத்து எடை ரசீதுகளைத் திரட்டுங்கள். உங்க ஊர் அனுப்பிய டன் எவ்வளவு என்று கூட்டி, பத்தால் வகுத்து, அந்த எண்ணோடு மாவட்டக் குழுவுக்கு வாருங்கள். ஆலை வாசலில் அந்த எண்ணை வைத்துத்தான் இனி பேசப்போகிறோம்.