கடலுக்குள் தொலையும் சிவப்பு

வினாயகபுரத்துக் கரையில் நின்று பார்த்தால் கடல் நீலம். அதே நீரைக் கண்ணாடிக் குவளையில் அள்ளிப் பார்த்தால் நிறமே இல்லை. இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல் கமெராவோடு கடலுக்குள் இறங்குகிறவர் ஏமாறுவார். நானும் ஏமாந்தேன், அதைவிட மோசமாக, வாசகர்களையும் ஏமாற்றினேன்.

எங்கள் கரை மணற்பாங்கானது. முருகைக்கற்களைப் படம்பிடிக்க வடக்கே பாசிக்குடாவுக்கோ, 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட நிலாவெளிப் புறாத்தீவுக்கோ போகவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கமெராவோடு போனேன். கிடைத்தவை யாவும் நீலப்பச்சைத் திரை விழுந்த படங்கள். வீடு திரும்பியதும் கணினியில் தானியங்கி நிறத்திருத்தத்தை அழுத்தினேன். நொடியில் முருகைக்கற்கள் இளஞ்சிவப்பாக மலர்ந்தன. அவற்றில் ஒன்று என் கட்டுரையோடு அச்சாகியது. அன்று மாலையே கல்முனைச் சுழியோடி நண்பர் ஒருவர் அழைத்தார்: "என்ன சேர், வெளிறிப்போன கல்லுக்கு மருதோண்டி போட்டு விட்டிருக்கீங்க?"

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் சூடேறும்போது முருகைப் பூச்சிகள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளிறுகின்றன. 1998இலும் 2016இலும் இலங்கையின் முருகைக்கற்பாறைகள் அவ்வாறு பரவலாக வெளிறின. நான்காவது உலகளாவிய வெளிறல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நோயின் அடையாளமே நிறம் என்றிருக்கும்போது, நிறத்தை மாற்றுவது சாட்சியத்தை மாற்றுவதாகும்.

நீர் ஒளியின் சிவப்பை முதலில் விழுங்குகிறது. ஏறத்தாழ 5 மீற்றர் ஆழத்திலேயே அதன் பெரும்பகுதி போய்விடும். பின்னர் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள். பலரும் மறப்பது, ஒளி கடக்கும் முழுத் தூரமும் கணக்கில் சேரும் என்பதை. 4 மீற்றர் ஆழத்திலுள்ள கல்லை 3 மீற்றர் தள்ளி நின்று எடுத்தால், அந்த ஒளி 7 மீற்றர் நீரைக் கடந்தே கமெராவை அடைகிறது. எனவே முதல் விதி, நெருங்கிச் செல்வது.

இரண்டாவது, வெண்சமநிலையைக் கையால் அமைப்பது. ஒரு வெள்ளைப் பலகையை அதே ஆழத்தில் பிடித்து, இதுதான் வெள்ளை என்று கமெராவுக்குச் சொல்லவேண்டும். ஆழம் மாறும்போதெல்லாம் திரும்பவும் சொல்லவேண்டும். மூன்றாவது, 'ரோ' கோப்பாகச் சேமிப்பது. 2015இல் வந்த ஒலிம்பஸ் டிஜி-4 முதல், 15 மீற்றர் வரை உறையின்றியே இறங்கக்கூடிய சிறிய கமெராவிலும் அந்த வசதி உண்டு. பிளாஷ் ஒரு மீற்றருக்குள்தான் உதவும். அதற்கப்பால் நீரில் மிதக்கும் தூசியையே அது ஒளிரச்செய்யும். சிவப்பு வடிகட்டி சூரிய ஒளிக்கு உரியது; பிளாஷோடு அதைச் சேர்த்தால் எல்லாமே சிவந்துவிடும்.

தானியங்கித் திருத்தம் இவற்றில் எதையும் அறியாது. படத்தில் சிவப்புக் குறைவாக இருப்பதை மட்டும் கண்டு, அதை எங்கும் அள்ளித் தெளிக்கிறது. 2019இல் தெர்யா அக்காய்னாக், தாலி திரைபிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை, காட்சியின் ஒவ்வொரு புள்ளியும் கமெராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டே நிறத்தை மீட்கிறது. அளவீட்டுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

ஆழத்தில் மனிதக் கண் காண்பதும் நீலந்தானே, அதைத் திருத்துவதே பொய் அல்லவா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காணும் காட்சியைக் காட்டுவதானால் நீலம் உண்மை. முருகைக்கல்லின் நிலையைக் காட்டுவதானால் மீட்ட நிறம் உண்மை. எதைக் காட்டுகிறோம் என்று சொல்லாமல் விடுவதே பொய்.

அதனால் இப்போது என் படங்களின் கீழே இடத்தோடும் நாளோடும், எடுத்த ஆழத்தையும் நிறம் திருத்திய முறையையும் எழுதுகிறேன். வெள்ளைப் பலகை தெரியும் முதற்படத்தையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். செய்தியாளனுக்குக் குறிப்புப் புத்தகம் எப்படியோ, நீருக்கடியில் அந்தப் பலகை அப்படி.