சாரலில் நிற்குமா புதிய மின்தகடு?

கிணற்று மேட்டில் சூரிய மின்தகடு நாட்டிப் பம்பு செட்டு ஓட்டுவது இக்காலத்தில் குடியானவர்களுக்குப் புதிதன்று. இத்தகடுகளிற் பெரும்பாலானவை சிலிக்கனால் ஆனவை. சிலிக்கன் தனித்து நின்றால், விழும் வெயிலில் நூற்றுக்கு 29 பங்குக்கு மேல் மின்சாரமாக மாற்ற இயலாது. கடைத் தகடுகள் அதற்கும் குறைவே. ஆகவே விஞ்ஞானிகள் பெரோவ்ஸ்கைட் என்னும் வேறொரு படிகப் பொருளை நாடியுள்ளனர். 2009இல் ஜப்பானில் மியாசகா என்பார் இதைக்கொண்டு செய்த மின்கலம் 3.8 பங்கே மாற்றிற்று. சிலிக்கன்மேல் இதனைப் படலமாக இட்ட கலம் 2024இல் சீனாவில் 34.6 பங்கை எட்டியது.

ஆனால் அஃது ஆய்வுசாலையில், விரல் நகத்தளவான கலத்திற் கண்ட கணக்கு. பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம் ஆகாது. வெப்பமும் வெளிச்சமும் உடன் சேரின் விரைந்து கெடும். தகடுகளுக்குச் சர்வதேசப் பரீக்ஷை ஒன்றுண்டு: 85 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 85 பங்கு ஈரமும் உள்ள பெட்டியில் 1000 மணி நேரம் வைப்பர். கணக்கிட்டால் ஆறு வாரம். அப்பெட்டியுள் வெயில் கிடையாது! குற்றாலத்திலோ ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றோடு சாரல் விழும், கால் நாழிகையில் வெயில் சுள்ளென்றடிக்கும், மறுபடியும் சாரல். தகட்டின் விளிம்பொட்டு வழியே ஈரம் புகுமா என்பதை அறிய இதனினும் ஏற்ற இடம் அரிது.

புதிய நெல் வித்தைப் பல ஊர் வயல்களில் விளைத்துப் பார்த்த பின்னரே குடிகளுக்கு வழங்குகின்றனர். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாகி 1986இல் வெளிவந்த ஏ.எஸ்.டி. 16 இந்நாட்டார் நன்கறிந்த நெல். நெல்லுக்கு உள்ள நியாயம் தகட்டுக்கும் வேண்டாமா? ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகம் உண்டு. தகட்டில் இட்ட பணமோ இருபது வருஷக் கணக்கு.

ஆகையால் குற்றால மலையடிவாரத்தில் ஒன்றும், அதே ஜில்லாவில் வறண்ட சங்கரன்கோவில் பக்கம் ஒன்றுமாகச் சர்க்கார் பரீக்ஷைத் திடல்கள் அமைத்து, மூன்று சாரற்காலமாவது பார்த்தல் வேண்டும். அருகில் சாதாரணச் சிலிக்கன் தகடும் நிற்பது அவசியம். இன்றேல் மேகத்தாற் குறைந்ததையும் பொருள் கெட்டுக் குறைந்ததையும் பிரித்தறிய இயலாது. இப்பொருளின் சிறந்த வகைகளில் ஈயம் உண்டு. ஈயத்துக்குப் பதிலாக வெள்ளீயம் இட்டவை இன்னும் திறன் குறைந்தவை. கண்ணாடி உடைந்தால் மழைநீரோடு எவ்வளவு ஈயம் வயலில் இறங்கும் என்பதையும் அத்திடலிலேயே மண்ணெடுத்துச் சோதிக்கலாம்.

இப்போதே பம்பு செட்டு வைக்க வேண்டியவர்கள் இதற்காகக் காத்திராமல் சிலிக்கனையே வாங்கலாம். புதுத் தகடென்று எவரேனும் விற்க வந்தால், வெட்டவெளியில் எந்த ஊரில் எத்தனை பருவம் நின்றது, எவ்வளவு குறைந்தது என்பதைக் கிராம உத்தியோகஸ்தர் முன்னிலையில் எழுத்தில் கேட்டுப் பெறுக.